காப்பெற் றோட்டில் காயும் நெல்

"பாத்தியே தம்பி, சீனாக்காரன்ர றோட்டிலதான் நெல்லு நல்லாக் காயும்" என்றார் மாமா, மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்தபடி.

பங்குனி மாதம், காலபோக அறுவடை முடிந்த நேரம். இலங்கையின் வடக்கே, வன்னியில், ஏ9 வீதியின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நெல் பரவிக் கிடந்தது. ஒரு அக்கா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு காலாலேயே நெல்லைக் கிளறிவிட்டுப் போனார். கொழும்பு பஸ்கள் ஹோர்ன் அடித்து விலகின. இந்தக் காப்பெற் றோட்டு போருக்குப் பிறகு சீனக் கடனில் போட்டது. அது நெல் உலர்த்தவும் உதவும் என்பது கடன் பத்திரத்தில் இருந்திருக்காது.

நான் வந்து இறங்கிய தண்டவாளமோ இந்தியக் கடனில் போட்டது. 2013 செப்டெம்பர் 14 அன்று ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு மறுபடியும் ரயில் ஓடியபோது, அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவும் அதில் வந்தார். சரியாக ஒரு கிழமை கழித்து வடமாகாண சபைத் தேர்தல். சனம் ரயிலையும் ஆவலோடு பார்த்தது, அப்புறம் போய் வீட்டுச் சின்னத்துக்கே புள்ளடி போட்டது. 38 ஆசனங்களில் 30 அந்தச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநரின் நிர்வாகம்தான்.

மாமாவின் வீடு உருத்திரபுரத்தில். கேட்டால் "இந்தியன் வீடு" என்பார்கள். 50,000 வீடுகள் கட்டிக்கொடுக்கும் திட்டத்தில் ஒன்று. வீடு ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய், கட்டக் கட்டப் பகுதி பகுதியாக வங்கிக் கணக்குக்கு வரும். அத்திவாரம் போட்டால் ஒரு தொகை, சுவர் எழும்பினால் அடுத்தது. ஒரே நேரத்தில் ஊர் முழுக்க வீடு கட்டினால் மண்ணும் சீமெந்தும் மேசன் கூலியும் என்ன விலைக்குப் போகும்? மாமியின் சங்கிலி அடகுக்குப் போனது. "கூரை வரைக்கும் இந்தியா, மாபிள் கனடா" என்று மாமி சிரித்தார். மகன் டொரொன்டோவில் இருக்கிறான். விறாந்தையில் தொங்குவதும் அங்குள்ள பலசரக்குக் கடை ஒன்றின் கலண்டர்தான். அதில் பங்குனிப் படம் பனி.

பக்கத்து வீடும் இந்தியன் வீடுதான், ஆனால் வெளிநாட்டில் யாரும் இல்லை. பின்வாசலுக்குக் கதவு இல்லாமல் தகரம் சாத்தியிருக்கிறது. மிச்சத்தைக் கட்ட எடுத்த நுண்கடனை அந்த அக்கா கிழமைக்குக் கிழமை கட்டினார், ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுத்தார். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டாராம். இலவச வீடு என்ற சொல்லை இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும் போல.

மறுநாள் தனியாக பஸ் பிடித்து ஒட்டுசுட்டான் பக்கம், கற்சிலைமடுவுக்குப் போனேன். வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனை பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்தது இவ்விடத்தில், 1803 ஒக்டோபர் 31 என்று ஆங்கிலத்தில் பொறித்த கல்லுக்குப் பேர்போன இடம். வன்னியில் வெளிநாட்டார் நட்டுவைத்த பழைய பெயர்ப்பலகை இது என்று நினைத்துக்கொண்டேன். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் வன்னிமைகள் என்ற சிற்றரசுகள் யானைகளைத் திறையாகக் கொடுத்தன. கொடுப்பவர் வாங்குபவர் இடம் மாறினாலும் பலகை மட்டும் எப்போதும் அவர்களுடையது. போகும் வழியெல்லாம் நன்கொடைப் பலகைகளை எண்ணிக்கொண்டு போனேன். கிணறு, பாலர் பாடசாலை, நெற்களஞ்சியம், எல்லாவற்றுக்கும் ஒரு கொடி. ஆமி முகாம்களையும் கடந்தேன். 2017இல் கேப்பாபுலவுச் சனம் வீதியில் குந்தியிருந்து கேட்டது படையினர் பிடித்துவைத்திருந்த தங்கள் சொந்தக் காணியை. அதற்கு நிதி தேவையில்லை, ஆகவே கொடியும் இல்லை.

பின்னேரம் மாமா என்னை இரணைமடுவுக்குக் கூட்டிப்போனார். அணைக்கட்டில் ஏறினால் காற்று ஆளைத் தள்ளுகிறது. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் பிரித்தானியர் தொடங்கி 1920இல் முடித்த குளம். 20,000 ஏக்கருக்கு மேல் வயல் இதை நம்பியிருக்கிறது. காடு வெட்டிக் குடியேறிய யாழ்ப்பாணத்தாரில் ஒருவர் மாமாவின் தகப்பன்.

இந்தக் குளத்தை வைத்துத்தான் மாமாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில், இரணைமடுத் தண்ணீரைக் குழாய் வழியாக யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுபோக ஒரு திட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது. குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீர் வாங்குகிற வீட்டிலிருந்து வருகிறவன் நான். "குளத்தை ரெண்டு அடி உயர்த்தினா எல்லாருக்கும் காணும் எண்டு பேப்பரில எழுதலாம். கோடையில செய்யிற சிறுபோகத்துக்கே எங்களுக்குக் காணாது. நாங்கள் எதிர்த்தது உங்களை இல்லை, எங்களைக் கேக்காமல் எழுதினதை" என்றார் மாமா.

கமக்காரர் விடவில்லை. கூட்டம், மறியல், மாகாண சபைக்குள்ளும் இழுபறி. கடைசியில் குளத்து நீர் வேண்டாம், கடல் நீரைச் சுத்திகரிப்போம் என்று திட்டத்தையே மாற்றினார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடிய தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குளத்தை உயர்த்தும் வேலையும் வேறு வெளிநாட்டு நிதியில் நடந்து, 36 அடி கொள்ளும்படி ஆனது. நான் பார்த்த வரையில், காசு கொடுத்தவரின் வரைபடத்தை வன்னிச் சனம் திருப்பி வரையவைத்த இடம் இது ஒன்றுதான். என் வீட்டுக் கிணற்றை நினைத்தால் இதை எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனாலும் மாமா பக்கம்தான் நியாயம்.

மறுநாள் காலை கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், சிறுபோகக் கூட்டம். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் இம்முறை எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று முடிவு செய்வார்கள். அவர்கள் சொல்வதை நம்பிப் போக மாமா தயாரில்லை. அளவுகோல் நட்டிருந்த இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார், மறுபடி போட்டார், பயனில்லை.

"நீ வாசி."

"32க்குக் கொஞ்சம் கீழ, மாமா."

"கொஞ்சம் எண்டா எவ்வளவு? குனிஞ்சு வடிவாப் பார்."

குனிந்தேன்.