எறும்பின் மூளையில் யார் இருக்கிறார்?

அக்கா மகன் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, அந்தப் பூஞ்சை எறும்போட மூளைக்குள்ள போய் உட்கார்ந்துக்கிட்டு அதை ஓட்டுமாமே?" என்று கேட்டபோது, நானும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கூடுவிட்டுக் கூடு பாயும் சித்தர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதில் சந்தேகம் எழவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான், அவனுக்குத் தவறான பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்பது புரிந்தது.

தென் தாய்லாந்தின் காடுகளில், நம் கட்டெறும்புக்கு உறவான ஓர் எறும்பு மர உச்சியில் கூடு கட்டி வாழ்கிறது. ஒஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையின் வித்து அதன் உடலில் ஒட்டிக்கொண்டால், மேலோட்டைத் துளைத்து உள்ளே சென்று, தனித்தனிச் செல்களாகப் பெருகத் தொடங்குகிறது. பின்னர் எறும்புக்கு வலிப்பு வருகிறது. மரத்திலிருந்து விழுந்து, திரும்ப ஏறத் தெரியாமல் தரையை ஒட்டிய செடிகளில் தள்ளாடித் திரிந்து, நண்பகலை ஒட்டி ஓர் இலையின் அடிப்புற நரம்பைக் கவ்விக்கொண்டு, சில மணி நேரத்தில் இறந்துவிடுகிறது. சில நாட்களில் அதன் பிடரியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று நீண்டு வளர்ந்து, கீழே நடமாடும் எறும்புகளின் பாதையில் வித்துகளை உதிர்க்கிறது.

இறப்பதற்கான இடமும் ஏனோதானோவென்று அமைவதில்லை. டேவிட் ஹியூஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, இறந்த எறும்புகள் தரையிலிருந்து சராசரியாக 25 சென்டிமீட்டர் உயரத்தில், ஈரப்பதம் 95 சதவீதத்தை நெருங்கும் இடத்தில் தொங்கின. அவற்றை இலையோடு எடுத்து மர உச்சிக்கு மாற்றியபோது பூஞ்சை ஒழுங்காக வளரவில்லை. ஜெர்மனியின் மெசல் பகுதியில் கிடைத்த, 4.8 கோடி ஆண்டுகள் பழமையான இலைப் புதைபடிவத்திலும் நரம்பின் இருபுறமும் இதே வகைக் கடித்தடங்கள் காணப்படுகின்றன என்பதால், இது நேற்று முளைத்த வித்தையும் அல்ல.

நான் தவறிய இடம் இனிமேல்தான் வருகிறது. இதே பூஞ்சைக் குடும்பம் தாக்கிய அமெரிக்க எறும்புகளை மின்னணு நுண்ணோக்கியில் சீவல் சீவலாகப் படமெடுத்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தலை, மார்பு, வயிறு, கால் என எங்கும் பூஞ்சைச் செல்கள் இருந்தன. தசை நார்களைச் சுற்றி அவை ஒன்றோடொன்று இணைந்து வலைபோலப் பின்னியிருந்தன. மூளைக்குள் மட்டும் ஒன்றுகூட இல்லை. பூஞ்சை சுரக்கும் வேதிப்பொருள்கள் மூளையை எட்டக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஆள் உள்ளே போய் உட்காரவில்லை. பொம்மலாட்டக்காரர் பொம்மையின் தலைக்குள் நுழைவதில்லை, கை கால்களில் கட்டிய நூலைத்தான் பிடித்திருக்கிறார் என்று அக்கா மகனிடம் இப்போது திருத்திச் சொல்லியிருக்கிறேன். கவ்விய தாடையும் அப்படித்தான்: அதை மூடும் தசை சிதைந்து இறுகிப்போவதால், உயிர் போன பிறகும் பிடி தளர்வதில்லை.

அவனோ விடுவதாக இல்லை, "அப்போ மூளைக்குள்ள போற பூஞ்சையே கிடையாதா?" என்றான். உண்டு, ஆனால் அது ஈயினுடையது. எண்டமாஃப்தோரா மஸ்கே என்ற அந்தப் பூஞ்சை, பழ ஈயின் நரம்பு மண்டலத்துக்குள் தொடக்கத்திலேயே நுழைந்துவிடுவதை கரோலின் எலியாவும் சக ஆய்வாளர்களும் 2018இல் காட்டினார்கள். நோயுற்ற ஈ, பொழுது சாயும் நேரத்தில் கிடைத்த உயரத்துக்கு ஏறி, உறிஞ்சு குழலை நீட்டித் தன்னை அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டு, இறக்கைகளைத் தூக்கியபடி சாகிறது. அந்த இறக்கைகள் மறைக்காததால், வயிற்றின் வளையங்களுக்கிடையே பிதுங்கும் வெண்பட்டைகளிலிருந்து வித்துகள் தடையின்றித் தெறிக்கின்றன. இதே பூஞ்சையால் செத்த பெண் வீட்டு ஈயை உயிருள்ளதென்று நம்பி இணைசேர வரும் ஆண் ஈக்கள், அந்த வித்துகளைத் தம் உடலில் சுமந்து திரும்புகின்றன.