வரைமேசைக் குறிப்புகள்: பிரேசில் நட்டும் அதன் காடும்

ஆகஸ்ட் 4

சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்குக் காட்டு உணவுகளைப் பற்றிய வண்ணப்படத் தொடர் வரைந்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதல் படம் பிரேசில் நட். தாவரவியல் படிக்கும் தோழி இரவல் கொடுத்த காய் மேசைமேல் இருக்கிறது. ஆய்வகத்தில் ரம்பம் போட்டு அறுத்தது. கொட்டாங்கச்சியைவிடத் தடித்த ஓடு. ஒரு காய்க்குள் 10 முதல் 25 கொட்டைகள் வரை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மொத்த எடை 2 கிலோவைத் தொடலாம். மரமோ 50 மீட்டர் வரை வளர்வது. அமேசானில் கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் காற்று பலமாக வீசினால் மரத்தடியை அண்டுவதில்லையாம். புத்திசாலிகள்.

ஓட்டின் ஒரு முனையில் சிறிய துளை தெரிகிறது. அதில் என் சுண்டுவிரல் நுனிகூட முழுதாக நுழையவில்லை. உள்ளே இருக்கும் கொட்டை எதுவும் அதன் வழியாக வெளியே வர முடியாது. காய் தானாக வெடிப்பதில்லை, அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் பிளப்பதில்லை. யாராவது வந்து திறந்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 5

இன்று பூ. நாகலிங்க மரமும் பிரேசில் நட் மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, லெசிதிடேசி. நாகலிங்கப் பூவில் படமெடுத்தாற்போல் வளைந்து நிற்கும் பகுதி இதிலும் உண்டு. ஆனால் அங்கே திறந்து நிற்பது, இங்கே பூவின் நடுப்பகுதியை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறது. அந்த மூடியைத் தூக்க உடம்பில் வலு வேண்டும். சிறு தேனீக்களால் ஆகாது. ஆர்கிட் தேனீ, கருவண்டு, பம்பிள் தேனீ போன்ற பெரிய உருவங்கள்தான் தலையைக் கொடுத்துத் தள்ளி உள்ளே போகின்றன. ஒரு மரத்தின் பூவுக்குப் பெரும்பாலும் இன்னொரு மரத்தின் மகரந்தம் வந்தாக வேண்டும். பூத்ததிலிருந்து காய் முற்றி விழ ஏறத்தாழ 15 மாதங்கள்.

'ஆர்கிட் இல்லையென்றால் பிரேசில் நட் இல்லை' என்று ஒரு கதை பல இடங்களில் உலவுகிறது. ஆண் ஆர்கிட் தேனீக்கள் இணையைக் கவர ஆர்கிட் பூவின் வாசனையைத் திரட்டுவது உண்மை. ஆனால் கருவண்டுக்கு ஆர்கிட்டோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. அதுவும் இந்தப் பூவைத் திறக்கிறது. ஒற்றை நூலில் தொங்குவதாகக் காட்டினால் கதை கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் நூல்கள் பல. காட்டை வெட்டும்போது அவை எல்லாமே சேர்ந்து அறுகின்றன என்பதுதான் சிக்கல்.

ஆகஸ்ட் 8

அகூட்டியை வரைந்தேன். முயல் பருமனுள்ள கொறிவிலங்கு, மெலிந்த கால்கள், வால் இருப்பதே தெரியாது. அந்தக் கெட்டிக் காயை உளிப்பற்களால் கொறித்துத் திறப்பதில் கைதேர்ந்தது இதுதான். கிடைத்த கொட்டைகளில் சிலவற்றைத் தின்றுவிட்டு, மீதியை ஒன்றிரண்டாக வெவ்வேறு இடங்களில் மண்ணுக்குள் புதைக்கிறது. அது மறந்தவையும் திரும்பி வராமல் விட்டவையும் முளைக்கின்றன. ஒரு பெருமரத்தின் வம்சம் ஒரு கொறிவிலங்கின் மறதியை நம்பி ஓடுகிறது.

அகூட்டியின் இறைச்சிக்கும் ஆசைப்படுகிறார்கள். கென்ட் ரெட்ஃபோர்ட் என்ற சூழலியலாளர் 1992இல் 'வெறுங்காடு' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார்: மேலிருந்து பார்த்தால் பச்சை குறையாது, உள்ளே விலங்குகள் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் அகூட்டி தெரிவதில்லை. 2003இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு பிரேசில், பெரு, பொலிவியா நாடுகளில் 23 இடங்களில் இந்த மரங்களைக் கணக்கெடுத்தது. நெடுங்காலமாக மிச்சம் வைக்காமல் கொட்டை பொறுக்கிய இடங்களில் இளமரங்களே அரிதாக இருந்தன. கிழங்கள் மட்டும் நின்றன. இந்த மரம் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்வதால் ஆபத்து யார் கண்ணுக்கும் படாமல் தள்ளிப்போகிறது.

ஆகஸ்ட் 9

இதழாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். வெள்ளைப் பின்னணியில் மரம் மட்டும் தனியாக நின்றால் எடுப்பாக இருக்குமே என்றார். "சார், அப்படி நிற்கிற மரங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அவைதான் பிரச்சினை" என்றேன்.

பிரேசிலில் இயற்கைக் காடுகளில் இந்த மரத்தை வெட்டுவதை 1994ஆம் ஆண்டு ஆணை தடைசெய்தது; அதற்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டு ஆணையிலும் தடை தொடர்கிறது. ரப்பர் மரத்துக்கும் அதே பாதுகாப்பு. நல்ல சட்டம்தான். ஆனால் மேய்ச்சல் நிலம் உண்டாக்குகிறவர் சுற்றியுள்ள காட்டைத் தீயிட்டு அழித்துவிட்டு, சட்டத்துக்குப் பயந்து இந்த மரத்தை மட்டும் விட்டுவைக்க முடிகிறது. விளைவு: கண்ணுக்கெட்டிய தூரம் புல், நடுவில் நெட்டையாக ஒரு மரம். சட்டத்தின் பார்வையில் அது காப்பாற்றப்பட்ட மரம். பெரிய தேனீக்களுக்குக் கூடுகட்ட இடம் இல்லை. இந்த மரம் பூக்காத மாதங்களில் அவற்றுக்குத் தேன் தர வேறு பூக்களும் இல்லை. மகரந்தம் வாங்க அக்கம்பக்கத்தில் துணைமரம் இல்லை. புல்லைப் புதுப்பிக்க மீண்டும் மீண்டும் வைக்கும் தீ அடிமரத்தைச் சுடுகிறது, முன்பு காடு தாங்கிய காற்று முழுவதும் இப்போது இதன் தலையில் விழுகிறது. காய்ப்பு குறைகிறது. தப்பித் தவறிக் காய்த்தாலும் அகூட்டி வெட்டவெளிக்கு வராது. பாரா மாநிலத்தின் மராபா பக்கம் ஒரு காலத்தில் பிரேசில் நட்டுக்குப் பேர்போன வட்டாரம்; அங்கே இப்படி நின்று பட்டுப்போன மரங்கள் ஏராளம்.

இதற்கு நேர்மாறான செய்தியையும் குறித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவளாகிவிடுவேன். காட்டுக்குள் சிறு துண்டு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்து, சில ஆண்டுகளில் தரிசாக விட்டுவிடும் குடும்பங்களின் பழைய கொல்லைகளில் பிரேசில் நட் கன்றுகள் அடர்காட்டைவிட அதிகமாக முளைத்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிச்சம் கிடைக்கிறது, அருகிலேயே காடு இருப்பதால் அகூட்டி வந்து புதைக்கிறது, வெட்டுப்பட்ட கன்று மறுபடி துளிர்க்கிறது. ஆகவே கோடரி பட்ட இடமெல்லாம் ஒன்றல்ல. சுற்றிலும் காடு மிச்சமிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆகஸ்ட் 10

பூவின் மஞ்சள் மூன்றாவது முறையும் சரியாக வரவில்லை. வேறு வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 13

படத்துக்கு அருகே ஒரு பெட்டிச் செய்தி வேண்டுமாம். சிகோ மென்டெஸைச் சொல்லலாம் என்றேன். ஆக்ரே மாநிலத்தின் ஷாபுரியைச் சேர்ந்த ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி. காட்டை மேய்ச்சலுக்காக வெட்ட வந்தபோது ஆட்களைத் திரட்டிக் குறுக்கே நின்றவர். 1988 டிசம்பர் 22 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரில் சுமார் 9,70,000 ஹெக்டேர் காடு, அங்கே வாழ்கிறவர்கள் பால் எடுத்தும் கொட்டை பொறுக்கியும் பிழைப்பதற்கென ஒதுக்கப்பட்டது. ரப்பர் பால் வறட்சிக் காலத்து வேலை, கொட்டை மழைக்காலத்து வேலை. ஆண்டு முழுவதற்குமான அடுப்பு காட்டை நம்பி எரிகிறது. காடு போனால் இரண்டு பருவமும் போய்விடும்.

ஆசிரியருக்கு 'சுட்டுக் கொல்லப்பட்டார்' என்ற சொல் சிறுவர்களுக்கு வேண்டாமோ என்று தயக்கம். வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன்.

ஆகஸ்ட் 16

இரண்டாம் படம்: எரு. நம் வயலுக்கு இடும் எரு அல்ல. மத்திய ஆப்பிரிக்கக் காட்டுக் கொடி, நீட்டம் என்ற பேரினம். பைன் மரத்தைப் போல இதுவும் பூவாத் தாவரம், ஆனால் இலையைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள். கேமரூனிலும் நைஜீரியாவிலும் இந்தக் கீரையை மெல்லிய இழைகளாக அரிந்து சமைக்கிறார்கள். அந்த இழைகளைத் தூரிகையால் இழுக்கத்தான் அரை நாள் போயிற்று.

கொடி ஏற மரம் வேண்டும், மேலே நிழல் வேண்டும். மரத்தைச் சாய்த்தால் கொடியும் சாய்கிறது. பறிப்பவர்களில் சிலர் கொடியை அடியோடு பிடுங்குவதும் உண்டு. நைஜீரியாவில் காட்டு எரு அருகிப்போனதால் கேமரூனிலிருந்து மூட்டை மூட்டையாகப் போகிறது. ஒரு நாட்டுக் காடு தீர்ந்ததும் அடுத்த நாட்டுக் காட்டுக்குக் கை நீள்கிறது.

ஆகஸ்ட் 20

அடுத்தது ஜாம்பியா, மலாவி பக்கத்து மியோம்போ காட்டுக் காளான்கள். மழைக்காலத்தில் சாலையோரம் குவித்து விற்கிறார்கள். வெண்ணிறத்தில் குடைபோல் விரியும் அமானிட்டா ஜாம்பியானாவும் மஞ்சள் நிறச் சாந்தரெல் வகைகளும் பெயர் பெற்றவை. இவற்றை வைக்கோலில் வளர்க்க முடியாது. பிராக்கிஸ்டீஜியா, ஜூல்பெர்னார்டியா மரங்களின் வேர்நுனியைப் பூஞ்சை இழை உறைபோலச் சுற்றிக்கொண்டு மண்ணிலிருந்து சத்தெடுத்துக் கொடுக்கிறது. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. கரிக்காக வெட்டினாலும் அடிக்கட்டையை விட்டுவைத்தால் மரம் துளிர்க்கும், வேர் உயிரோடிருக்கும். வேரைத் தோண்டியெடுத்து நிலத்தை உழுதுவிட்டால் அந்தக் காளானும் இல்லை.

பக்க வடிவமைக்கும் தம்பி கேட்டான்: "அக்கா, காளான் படத்தில் முக்கால்வாசி வேர்தானே இருக்கிறது?" ஆசிரியரும் அதையே கேட்டார். வேரை எடுத்துவிட்டு வரைய வேண்டுமானால் காய்கறிக் கடை விளம்பரம் வரைகிற யாரையாவது பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமாக நீட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். சன்மானம் மட்டும் ஒரு பக்கத்துக்குத்தானாம். திங்கட்கிழமை அதைப் பேச வேண்டும்.