கரண்ட் போனா சிவப்பு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என் மாடல் ரயில் மேசையிலேர்ந்து குதிச்சிடுச்சு. மேசைன்னா எங்க வில்லிவாக்கம் வீட்டு ஹால்ல பாதியை அடைச்சுக்கிட்டு நிக்கற எட்டுக்கு நாலு ப்ளைவுட், அது மேல ஹெச்ஓ ட்ராக், ரெண்டு லூப், நாலு பாயிண்ட் (ரயிலை வேற லைனுக்கு திருப்பி விடற இடம்), அவ்ளோதான். மொபைல்ல த்ராட்டில், அதான் ஸ்பீடு, 126-க்கு 20-ல தான் இருந்துச்சு, ரயில் ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு, நான் காபி டம்ளரை எடுக்க திரும்பினேன், வீல் சத்தம் திடீர்னு கீச்சுன்னு ஏறுது, மொபைல்ல ஸ்டாப் ஸ்டாப்னு அமுக்கறேன், கேக்கவே இல்ல, வளைவுல அப்டியே நேரா போயி மொசைக் தரையில விழுந்து கோச்சை மாட்டற எஞ்சின் கப்ளர் ஒடஞ்சு, பின்னாடி வந்த மூணு கோச்சும் ஒண்ணு மேல ஒண்ணு. வீட்டுக்காரம்மா கிச்சன்லேர்ந்து எட்டிப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம உள்ள போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

இந்த ஹாபி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். ஹெச்ஓன்னா நிஜத்துல 87-ல ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர், 87-ஆல பெருக்கினா 1435, அதாவது ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம பிராட் கேஜ் 1676, அதை வகுத்தா 19-க்கு மேல வரும், அதனால ஹெச்ஓ ட்ராக்ல எந்த இந்தியன் எஞ்சினை ஓட்டினாலும் சைஸ் கணக்குப்படி தப்பு தான். சென்னையில இந்த ட்ராக்குக்கு நியாயமா பொருந்தறது மெட்ரோ ரயில் மட்டும் தான், அதான் ஸ்டாண்டர்ட் கேஜ். இதை யார்கிட்ட சொன்னாலும் "அப்டியா"ன்னுட்டு போயிடறாங்க, எனக்கு என்னமோ இது பெரிய விஷயமா படுது.

முன்னாடி எல்லாம் மாடல் ரயில் டிசில, அதாவது ஒரே திசையில போற கரண்ட்ல தான் ஓடும். தண்டவாளத்துல எவ்ளோ வோல்ட் விடறமோ அவ்ளோ ஸ்பீடு, வயரை மாத்திப் போட்டா ரிவர்ஸ். ஒரே ட்ராக்ல ரெண்டு எஞ்சின் வெச்சா ரெண்டும் சேந்து ஓடும் சேந்து நிக்கும், தனித்தனியா ஓட்டணும்னா ட்ராக்கை துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் சுவிட்ச் போட்டு ஆர்மோனியம் மாதிரி வாசிச்சுக்கிட்டே இருக்கணும். டிசிசின்னு, அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்னு, வந்தது இதைத்தான் மாத்திச்சு. ஜெர்மனியில லென்ஸ் கம்பெனி பண்ணின முறையை எடுத்து அமெரிக்காவோட மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-கள்ல ஸ்டாண்டர்டா ஆக்கினாங்க, அதனால எந்த கம்பெனி டிகோடரும் (எஞ்சினுக்குள்ள வெக்கற சிப்) எந்த கம்பெனி கன்ட்ரோலரோடயும் பேசும். ட்ராக்ல எப்பவும் முழு கரண்ட், என்னோடதுல 15 வோல்ட். ஆனா ப்ளஸ்ஸும் மைனஸும் மாறி மாறி புரண்டுக்கிட்டே இருக்கும், அந்த புரளற வேகத்துல தான் செய்தியே இருக்கு. பாதிப் புரளல் 58 மைக்ரோசெகண்ட்னா அது ஒண்ணு, 100 மைக்ரோசெகண்டோ அதுக்கு மேலயோ போனா சைபர். எஞ்சினுக்குள்ள இருக்கற டிகோடர் இதைப் படிச்சு "7-ம் நம்பர் எஞ்சின், ஸ்பீடு 20, முன்னாடி போ"ன்னு புரிஞ்சுக்கும். கடைசியில ஒரு செக் பைட் வரும், கணக்கு உதைச்சுதுன்னா அந்த செய்தியை தூக்கி போட்டுடும். நிஜ எலக்ட்ரிக் எஞ்சினும் கிட்டத்தட்ட இதே தான், மேல வயர்ல எப்பவும் 25,000 வோல்ட் நிக்கும், எவ்ளோ எடுத்துக்கணும்னு எஞ்சின்ல இருக்கறவர் முடிவு பண்றாரு. பீச் - தாம்பரம் லைனே 1931-ல 1,500 வோல்ட் டிசில ஆரம்பிச்சு அப்புறம் ஏசிக்கு மாறின லைன் தானே.

ரெடிமேட் டிசிசி செட் வாங்கற அளவுக்கு நமக்கு வசதி இல்ல, இம்போர்ட் டியூட்டியோட சேத்தா ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டி வாங்கிடலாம். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆர்டுயினோ ஊனோன்னு ஒரு குட்டி கம்ப்யூட்டர் போர்டு, அது மேல உக்கார்ந்து ட்ராக்குக்கு கரண்ட் விடற மோட்டார் ஷீல்டு, அதுல இலவசமா கிடைக்கற டிசிசி++ சாஃப்ட்வேர், முடிஞ்சுது. இந்த செட்டப்ல 10-ம் பின்னுக்கும் 12-ம் பின்னுக்கும் நடுவுல ஒரு சின்ன ஜம்பர் வயர் குத்தணும், ட்ராக்கை புரட்டிப் போடற சிக்னல் அது வழியா தான் போகுது. அன்னிக்கு நான் காபி எடுக்க திரும்பினப்போ முழங்கை பட்டு அந்த வயர் வெளிய வந்திருக்கு. சிக்னல் போச்சு, ஆனா பவரை ஆன் பண்ற பின் வேற, அது ஆன்லயே இருக்கு. ஸோ ட்ராக்ல புரளாம நேரா 15 வோல்ட் டிசி நிக்குது. டிகோடர் என்ன பண்ணும்? "ஓ, இது பழைய காலத்து டிசி லேஅவுட் போல"ன்னு நெனச்சுக்கிட்டு 15 வோல்ட்டுக்கு எவ்ளோ ஸ்பீடோ அவ்ளோ ஸ்பீடு எடுத்துடும். சிவி 29-னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல பழைய டிசிலயும் ஓடுன்னு சொல்ற பிட்டோட மதிப்பு 4. என் எஞ்சின்ல அது 6-னு இருந்துச்சு, நெறைய டிகோடர்ல இப்டி தான் வரும். 2-னு மாத்தியிருந்தா அன்னிக்கு சும்மா நின்னுருக்கும். இது எனக்கு முன்னாடியே தெரியும், எங்கயோ படிச்சேன், பண்ணல, அதான் உண்மை.

அடுத்த வாரம் பெரியப்பா வந்தாரு. அயனாவரத்துல இருக்காரு, ரயில்வே சிக்னல் டிபார்ட்மென்ட்ல மெயின்டெய்னரா இருந்து ரிட்டயர் ஆனவர், என் லேஅவுட்டை இது வரைக்கும் கொலு பாக்கற மாதிரி தான் பாப்பாரு. கப்ளர் ஒடஞ்ச எஞ்சினை கையில வெச்சு திருப்பிப் பாத்துட்டு எப்டிடா ஆச்சுன்னாரு, நானும் சிவி 29 வரைக்கும் முழுசா சொன்னேன். கேட்டுட்டு சிரிக்கல.

"வயர் கழண்டா ரயில் வேகமா ஓடுதா?"

"ஆமா பெரியப்பா, அது வந்து டிகோடர்..."

"டிகோடர் கிடக்கட்டும்டா. வயர் கழண்டா ஓடற மாதிரி எவனாவது பண்ணுவானா?"

அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு கிளாஸ். கைகாட்டி மரத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. கை மட்டமா நின்னா நில்லு, கீழ சாஞ்சா போ. கேபின்ல லீவர் இழுத்தா கம்பி வழியா கை சாயும். நடுவுல கம்பி அறுந்துடுச்சுன்னா? எதிர் எடை இழுத்து கை தானா மட்டத்துக்கு வந்துடும், அதாவது நில்லு. ட்ராக் சர்க்யூட்டும் அதே புத்தி தான். ஒரு துண்டு ட்ராக்கோட ஒரு கோடியில பேட்டரி, மறு கோடியில ரிலே (கரண்ட் வந்தா மேல தூக்கிக்கற சுவிட்ச்), தண்டவாளம் வழியா கரண்ட் போயி ரிலேவை தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ரயில் வந்தா சக்கரம் ரெண்டு தண்டவாளத்தையும் ஷார்ட் பண்ணிடும், ரிலே விழும், சிக்னல் சிவப்பு. பேட்டரி செத்தாலும் சிவப்பு, வயரை எலி கடிச்சாலும் சிவப்பு, தண்டவாளம் ஒடஞ்சாலும் பெரும்பாலும் சிவப்பு. 1872-ல வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கக்காரர் கண்டுபுடிச்சது, இன்னும் அதே ஐடியா தான். ரிலே கூட ஸ்ப்ரிங்கை நம்பி இல்ல, தன் எடையில தானா விழற மாதிரி செஞ்சிருப்பாங்களாம். "ஸ்ப்ரிங் ஒடையும். பூமி இழுக்கறது என்னிக்காவது நின்னுருக்கா?"ன்னாரு.

எனக்கு உடனே சுருக்குனுச்சு, ஏன்னா என்கிட்டயும் ட்ராக்ல ரயில் இருக்கான்னு பாக்கற சர்க்யூட் இருக்கு, அது இதுக்கு நேர் தலைகீழ். எஞ்சின் கரண்ட் இழுத்தா "ஆள் இருக்கு", இழுக்கலன்னா "காலி". லைட் இல்லாத கோச் கரண்டே இழுக்காது, அதனால கோச் மட்டும் தனியா கழண்டு நின்னா அதுக்கு தெரியவே தெரியாது, அதுக்காக சக்கரத்துல குட்டி ரெசிஸ்டர் ஒட்டுவோம். சென்சார் வயர் கழண்டாலும் காலி, சக்கரத்துல அழுக்கு இருந்தாலும் காலி, நம்ம ஊர் உப்புக்காத்துல ரெண்டு நாள் தொடைக்காம விட்டா ட்ராக் பூரா காலி. இதை பெரியப்பாகிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு சொல்லாம விட்டேன்.

அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சதுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. நான் இவ்ளோ நாள் டிசிசியும், ரயில் மோதாம தடுக்கற கவாச், மெட்ரோ மாதிரி விஷயமும் ஒரே ஜாதின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், எல்லாம் டிஜிட்டல், எல்லாம் ரயில் கன்ட்ரோல்னு. இல்ல. டிசிசி எஞ்சினுக்கு கட்டளை போடுது, ஸ்பீடு 20-னு ஒரு தடவை சொன்னா மறு பேச்சு வர்ற வரைக்கும் அது பாட்டுக்கு போகும். நிஜ ரயில்ல டிஜிட்டல் கொடுக்கறது அனுமதி. இது வரைக்கும் போலாம், இந்த ஸ்பீடுக்குள்ள போலாம், அவ்ளோதான், ஓட்டறது லோகோ பைலட் வேலை. கவாச்சை எடுத்துக்கோங்க, ரயில்வேயோட ஆராய்ச்சி அமைப்பு ஆர்டிஎஸ்ஓ நம்ம ஊர் கம்பெனிகளோட சேந்து பண்ணினது, 2020-ல தேசிய சிஸ்டமா எடுத்துக்கிட்டாங்க. தண்டவாளத்துக்கு அடியில இருக்கற ஸ்லீப்பர் கட்டையில ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோவால படிக்கற அடையாள சிப்), அதைப் படிச்சு எஞ்சின் தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கும், ஸ்டேஷன்ல இருக்கற பொட்டியோட ரேடியோவுல பேசி எது வரைக்கும் போலாம்னு வாங்கிக்கும். அந்த எல்லையை தாண்டற மாதிரி போனா, டிரைவர் பிரேக் போடலன்னா, அதுவே போடும். 2022 மார்ச்ல செகந்திராபாத் பக்கம் ரயில்வே மந்திரியே எஞ்சின்ல உக்காந்து டெஸ்ட் பண்ணினாரே, முன்னாடி நின்ன எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்னாடியே தானா நின்னுச்சுன்னு அவரே போட்டிருந்தாரு. கவாச்சுக்கு ரொம்ப முன்னாடியே நம்ம சென்னை - கும்மிடிப்பூண்டி சபர்பன் லைன்ல ஐரோப்பாவோட ரயில் பாதுகாப்பு முறையான இடிசிஎஸ் லெவல் 1 வகையில ஒண்ணை வெச்சுப் பாத்தாங்க, தெனம் அதுல தொங்கிக்கிட்டு போற யாருக்கும் தெரியாது.

சரி, மெட்ரோ பேஸ் 2 ட்ரெயினை டிரைவரே இல்லாம ஓடற மாதிரி செஞ்சிருக்காங்களே, அது கட்டளை தானேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன், என்னையே. அங்கயும் ஓட்டற மூளை வேற, காவல் காக்கற மூளை வேற. ஓட்டறது என்ன சொன்னாலும் காவல்காரன் முடியாதுன்னா பிரேக் தான். என் மேசையில ஓட்டறவன் மட்டும் இருந்தான், காவல்காரன் வேலைக்கு ஆளே எடுக்கல.

ஸோ எடுத்தேன். சிவி 29-ஐ 2-ஆ மாத்தறதை மொதல்ல பண்ணிட்டேன், ஆனா அது எஞ்சின் நல்ல புள்ளையா இருந்தா தான் வேலைக்காகும், நாளைக்கு மச்சான் இன்னொரு எஞ்சின் கொண்டு வந்தா மறுபடியும் 6 தான். பெரியப்பாகிட்ட போன்ல கேட்டேன், "புரண்டுக்கிட்டே இருக்கற வரைக்கும் தான் ரிலே தூக்கி நிக்கணும், நேரா நின்னா விழணும், அதுக்கு கெப்பாசிட்டர் போடுடா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாரு. கெப்பாசிட்டர் வழியா புரளற கரண்ட் தான் போகும், நேரா நிக்கற டிசி போகாது, அதான் சூட்சுமம். மோட்டார் ஷீல்டு அவுட்புட்லேர்ந்து 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அப்புறம் புரளறதை நேராக்க நாலு டயோடு, ஒரு சின்ன ஃபில்டர், அதுக்கு அப்புறம் 12 வோல்ட் ரிலேவோட காயில். ட்ராக்குக்கு போற கரண்ட் அந்த ரிலே கான்டாக்ட் வழியா தான் போகணும். மொத தடவை கையில இருந்த 4007 டயோடை போட்டேன், தொட்டா சுடுது, ரிலே பாதி தூக்கி பாதி தூக்காம கிறுகிறுன்னு கத்துது. அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டுக்கு செஞ்ச டயோடு, இங்க செகண்டுக்கு ஆயிரக்கணக்குல புரளுது, அது சட்டுன்னு மூடறதில்ல. 4148 மாத்தினேன், சுத்தமா "டிக்"னு தூக்கிச்சு. டயோடு ஒண்ணு ரெண்டு ரூபா, ரிலே நாப்பது ரூபா, ஒடஞ்ச கப்ளருக்கு மாத்து வாங்க கேட்ட விலையை இங்க எழுத மனசு வரல.

போன ஞாயித்துக்கிழமை பெரியப்பா முன்னாடி டெஸ்ட். ரயில் ஓடுது, நான் மெதுவா ஜம்பர் வயரை உருவினேன், டிக், ஒரு விரக்கடை தள்ளி நின்னுடுச்சு. அவருக்கு நம்பிக்கை வரல. தானே குத்தி தானே உருவினாரு, ஏழெட்டு தடவை, அப்புறம் யூஎஸ்பி கேபிளை புடுங்கினாரு, அப்புறம் கேக்காமலே ரிலே வயர்ல ஒண்ணை புடுங்கினாரு, எதைப் புடுங்கினாலும் நின்னுச்சு. மூஞ்சியில ஒரு சந்தோஷம், ரிட்டயர்மென்ட் அன்னிக்கு கூட நான் அப்டி பாக்கல.

நான் சும்மா இருந்திருக்கணும். பெருமையில சிக்னலையும் காட்டறேன்னு மொபைல்ல பாயிண்ட்டை திருப்பினேன், சிக்னல் பச்சை விழுந்துச்சு. அவரு குனிஞ்சு பாயிண்ட்டை பாத்தாரு. நாக்கு, அதான் பாயிண்ட்ல நகர்ற தண்டவாளத் துண்டு, பக்கத்து தண்டவாளத்தோட ஒட்டாம நூல் அளவு கேப்ல நிக்குது.

"பாயிண்ட் செட் ஆகல, எப்டிடா பச்சை குடுக்குது?"

"கமாண்ட் அனுப்பியாச்சு இல்ல பெரியப்பா, அதான்..."

"அனுப்பினா ஆச்சா? நாக்கு போயி ஒட்டிச்சுன்னு திருப்பி யாரு சொன்னா?"

2024 அக்டோபர் 11 ராத்திரி கவரைப்பேட்டையில பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைன்ல போக வேண்டியது லூப் லைன்ல புகுந்து நின்னுட்டிருந்த கூட்ஸ் மேல மோதிச்சே, அன்னிக்கு ராத்திரி பூரா டிவி முன்னாடி இவரு சாப்பிடாம உக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. அதனால வாயைத் தொறக்கல. நிஜத்துல நாக்கு ஒட்டி, பூட்டு விழுந்து, அந்த கான்டாக்ட் திருப்பி சொன்னா தான் சிக்னலே பச்சையாகும்னு பேப்பர்ல படம் போட்டுக் குடுத்துட்டு போயிருக்காரு. ஒரு பாயிண்ட்டுக்கு ரெண்டு மைக்ரோ சுவிட்ச், நாலு பாயிண்ட்டுக்கு எட்டு. அடுத்த ஞாயிறு வர்றேன்னாரு, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு சனிக்கிழமையே போயாகணும், அன்னிக்கு ஆபீஸ் இருக்கு.