தாயக்கட்டையை வைத்து எம்டன் இரவை ஓட்டிய கதை

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தேகாலுக்கு எங்கள் வீட்டு ஹாலில் அம்மா தாயம் போட்டார். நாங்கள் ஆடும் எம்டன் கப்பல் கதையில், ராயபுரம் ஸ்டேஷன் குடோனுக்குள் மாட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆறு மாசமாக நான் மாற்றி மாற்றிக் கெடுத்துக்கொண்டிருந்த விதி, முதல் தடவையாகச் சண்டை இல்லாமல் ஓடியது. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்தது எல்லோரையும் போல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில்தான். ஆளுக்கொரு பாத்திரமாகி, நினைத்த காரியம் நடக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்கும் கதை ஆட்டம் அது. சத்திரம், முகமூடி போட்ட ஆள், மலைக்குகையில் புதையல். ஆட்டக்காரர்கள் நாலு பேர்: அம்மா, வீட்டுக்காரர், ஏழாவது படிக்கும் மகள், எண்ணூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் தம்பி. முதல் அரை மணி நேரத்தில் அம்மா கேட்டார்: “முன்னப்பின்ன தெரியாதவன் கூப்புட்டா எதுக்குடி பின்னாடியே போவணும்?” என்னிடம் பதில் இல்லை. அவருடைய பாத்திரம் கடைசி வரை சத்திரத்திலேயே உட்கார்ந்து சாப்பாட்டுக் கணக்கு பார்த்தது. நடுவில், கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் என் வேலைக்குப் பெயரான ‘கேம் மாஸ்டர்’ என்பதை நடத்துனர் என்று தமிழ்ப்படுத்தித் தொலைத்தேன். “அப்ப டிக்கெட் எங்கக்கா?” என்றான் தம்பி. அன்றிலிருந்து நான் கண்டக்டர். ‘ரைட், போலாம்’ என்று நான் சொல்லாமல் யாரும் ஆட்டத்தைத் தொடங்குவதில்லை.

அந்த ஆட்டத்தின் இருபது முகப் பகடையையும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி நெல்லிக்காய் என்று பெயர் வைத்தார். கண்ணாடி போட்டாலும் எண் தெரியவில்லை, சோபாவுக்கு அடியில் உருண்டு போய்விடுகிறது. எனக்கும் அதில் ஒரு குறை உண்டு. ஒன்றிலிருந்து இருபது வரை எந்த எண்ணுக்கும் ஒரே 5 சதவீதம். கைதேர்ந்தவனுக்கும் கத்துக்குட்டிக்கும் ஒன்று விழ ஒரே வாய்ப்புதான். ஒரு நாள் அலமாரியிலிருந்து பாட்டி காலத்துப் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்து, “இதுல ஆடு, வரேன்” என்றார் அம்மா. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக் கட்டையில் ஒரு பக்கம் வெற்று, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டை, மொத்தம் 16 விதமாக விழலாம். மூன்று விழ 4 வழி. இரண்டுக்கும் நாலுக்கும் மும்மூன்று. தாயத்துக்கும், அதாவது ஒன்றுக்கும், ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. நடுவில் குவிந்து ஓரத்தில் சரியும் அழகான மலை. இதைப் பார்த்த குஷியில், பெரிய எண் நல்லது, சின்ன எண் கெட்டது என்று ஒரே வரியில் விதி எழுதினேன். முதல் உருட்டே அம்மாவுக்குத் தாயம். “தோத்துட்டீங்க” என்றேன். கட்டையைக் கீழே வைத்துவிட்டார். “தாயம் விழுந்தா தோல்வின்னு சொல்ற வீட்ல எனக்கு என்ன வேலை?” எழுந்து சமையலறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு, இந்த நாலும் வெற்றி என்று மாற்றினேன். தாய ஆட்டத்திலும் மறு உருட்டு தரும் எண்கள் இவைதான், அதனால் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் மூன்றும் தோல்வி. நாலு விழுந்தால் ‘நடக்கும், ஆனா...’. 16-இல் 6 வெற்றி, 37.5 சதவீதம். சாதாரண ஆளுக்கு இது போதும்.

ஆனால் திறமையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? இந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்று மாசம் மாட்டிக்கொண்டேன். மற்ற ஆட்டங்களில் விழுந்த எண்ணோடு திறமைக்கு ஒன்றோ இரண்டோ கூட்டினால் முடிந்தது. இங்கே தாயத்தோடு ஒன்றைக் கூட்டினால் இரண்டு. திறமைசாலிக்குத்தான் தண்டனை! அப்புறம் மூன்றாவது கட்டை ஒன்று சேர்த்து, மூன்றில் பிடித்த இரண்டை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரே ராத்திரியில் எல்லோரும் சூரர்கள் ஆகிவிட்டார்கள். மறுநாள் நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது: 64-இல் 50 வெற்றி. 78 சதவீதம்! ஆபத்தே இல்லாத ஆட்டத்தை யார் ஆடுவார்கள்?

கடைசியில் நின்ற விதி இது. தெரிந்த வேலையாக இருந்தால், ஒரு கட்டையை அப்படியே விட்டுவிட்டு மற்றதை மட்டும் இன்னொரு தடவை உருட்டலாம். இரண்டாவதாக விழுவதுதான் முடிவு. எப்போதும் துணிந்து உருட்டினால் வெற்றி 16-இல் 10, அதாவது 62.5 சதவீதம். நான் தேடிக்கொண்டிருந்த எண்ணே இதுதான். இதில் எனக்குப் பிடித்தது, எந்தக் கட்டையை விடுவது என்ற யோசனை. வெற்றை விட்டால் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மூன்றை விட்டாலும் அப்படியே. ஒன்றையோ இரண்டையோ விட்டால் கால்வாசிதான். நாலு விழுந்தால் இன்னும் சுவாரசியம். ஒண்ணும் மூணுமாக விழுந்த நாலு என்றால் மூன்றை விட்டு உருட்டிப் பார்க்கலாம். ரெண்டும் ரெண்டுமாக விழுந்த நாலைத் தொடவே கூடாது, பாதி நேரம் தோல்வியில் போய் முடியும். நான் இதைக் கட்டம் போட்டுக் கண்டுபிடித்தேன். அம்மா ஒரு நொடி கூட யோசிக்காமல் வெற்றுக் கட்டையை விரலால் அமுக்கிக்கொண்டு மற்றதை எடுத்தார்.

இந்தக் கணக்கெல்லாம் கட்டை நேர்மையாக விழுந்தால்தான். அம்மா உள்ளங்கையில் தேய்த்து உருட்டும் விதத்தில் எனக்குச் சந்தேகம். ஆளுக்கு 80 தடவை உருட்டி எழுதி வைத்தோம். தாயம் 10 வர வேண்டும். எனக்கு 11, அம்மாவுக்கு 19. “கைராசி” என்கிறார். இப்போது சொம்பில் போட்டுக் குலுக்கிக் கவிழ்க்க வேண்டும் என்று சட்டம். அதற்கு அவர் முனகியது தனிக்கதை. வெறும் தரையில் கொட்டினால் கீழ்வீட்டில் சத்தம் போடுகிறார்கள், ஜமக்காளத்தில் கொட்டினால் கட்டை மடிப்பில் சாய்ந்து நிற்கிறது. தினசரிக் காலண்டர் அட்டையைப் போட்டு அதன் மேல் பழைய வேட்டியை இறுக்கிக் கட்டியதும் சரியானது.

இன்னொரு ஜோடி வேண்டுமென்று பூக்கடைப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். வாங்காதீர்கள். எடை இல்லை, முனை மழுங்கல், நிற்காமல் உருண்டுகொண்டே போகிறது. தட்டிப் பார்த்து, கனமாக, விளிம்பு கூராக இருப்பதை எடுங்கள். வரைபடத்துக்குச் சார்ட் தாள் ஆண்டர்சன் தெருவில்தான் வாங்குவேன். நாலு தாளுக்குப் போய் நாற்பது தாளோடு திரும்புவேன், அது என் வியாதி.

கதையையும் மாற்றிவிட்டேன். குகை வேண்டாம், நம்ம ஊரே போதும். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை வாக்கில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட இரவு. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிகின்றன, ஊரே மூட்டை கட்டுகிறது. அம்மா காசிமேட்டில் கருவாடு விற்பவர். தம்பி கட்டுமரக்காரன். வீட்டுக்காரர் ராயபுரம் ஸ்டேஷன் போர்ட்டர். அந்த ஸ்டேஷன் 1856-லேயே ஓடத் தொடங்கிவிட்டதால், அந்த இரவில் அதற்கு 58 வயசு. மகள் தந்தி ஆபீஸ் பையன். சத்திரத்தை விட்டு நகராத அம்மா இங்கே கேள்வி மேல் கேள்வி கேட்டார். “அன்னிக்கு நிலா இருந்துச்சா?” அமாவாசை கழிந்து மூன்று நாள், ஒன்பதரைக்கு நிலா இருக்காது என்றேன். “அப்ப தொட்டி எரியிற வெளிச்சம்தான். சுவரோரமா நிழல்ல போவலாம்.” இதை நான் எழுதி வைத்திருக்கவில்லை! ‘எம்டன்’ என்று எமகாதகனைச் சொல்வது எங்கிருந்து வந்தது என்று மகளுக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது ஆயாவையே எம்டன் என்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சேர்த்த புது விதி ஒன்று: வெற்றி விழுந்தால் கிடைக்கும் மறு உருட்டை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். குடோன் பூட்டை நெம்பும்போது வீட்டுக்காரருக்கு ஐந்து விழுந்தது. “அத்தை, நீங்க உருட்டுங்க” என்று சொம்பைத் தள்ளினார். பூட்டு அம்மாவுக்குத் தெரிந்த வேலைதான், கருவாட்டுக் கிடங்கில் பார்க்காத பூட்டா? முதலில் வெற்றும் இரண்டும். வெற்றை அமுக்கிக்கொண்டு மற்றதைச் சொம்பில் போட்டுக் கவிழ்த்தார். ஒற்றைப் புள்ளி. தம்பி போட்ட கத்தலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவரை அடுத்த வாரம் ஆட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம், வேறு வழி தெரியவில்லை.

பன்னிரண்டு விழுந்தால் என்ன என்பதை இன்னும் முடிக்கவில்லை. போட்டவரே அடுத்த காட்சியைச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன், ஆனால் இதுவரை ஒரு தடவைகூட விழவில்லை. ஐகோர்ட் கோபுரத்து விளக்கைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கம் அங்கேதான் இருந்தது, கோர்ட் சுவரிலும் ஒரு குண்டு விழுந்தது. அதற்குள் தம்பிக்கு நைட் ஷிப்ட் வந்துவிடக் கூடாது. அம்மாவோ, கருவாட்டுக் கூடையைக் குடோனிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்து, எடுக்கத் திரும்பிப் போகணும் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.