96 பேருக்கும் ஒரே முருகேசன்: ஓர் ஓஸ்கி தேர்வின் நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

ஓஸ்கி (OSCE) என்பது மருத்துவ மாணவர்கள் மணி அடிக்க அடிக்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாறிப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. இந்தத் தடவை அதில் உட்காரப் போகிறவர்கள் இறுதியாண்டு மாணவர்கள் 96 பேர். தேர்வு 26-ஆம் தேதி, சனிக்கிழமை. முதலில் கணக்குப் போட வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்டேஷன் 10, ஓய்வு ஸ்டேஷன் 2. ஒவ்வொன்றிலும் 6 நிமிடம், மணி அடித்து அடுத்த கதவுக்குப் போக 1 நிமிடம். 12 × 7 = 84 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு வரிசை ஓடினால் ஒரு சுற்றில் 24 பேர். நான்கு சுற்றில் 96. காலை 8.30-க்குத் தொடங்கினால், நடுவில் சாப்பாட்டு நேரம் போக, 3.24-க்குக் கடைசி மணி. எக்ஸாமினர்கள் 20 பேர் தேவை.

பத்தில் நான்கு ஸ்டேஷன்களில் நடிப்பு நோயாளிகள்: நெஞ்சுவலி, மயக்கம், கெட்ட செய்தி சொல்லுதல், கையில் கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடுதல். மீதி ஆறு ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, தையல், கேத்தீட்டர் (சிறுநீர்க் குழாய் போடுதல்), சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவி). நடிப்பவர் ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் உட்காரக் கூடாது. 4 ஸ்டேஷன் × 2 வரிசை × 2 ஆள் = 16. கூடுதலாக 2 பேர் கைவசம். ஆக 18.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு லாங் கேஸை, அதாவது வார்டில் ஓர் உண்மையான நோயாளியை முழுக்கப் பரிசோதித்துச் சொல்லும் தேர்வை, நினைவூட்டினால் போதும். அதில் யாருக்கு எந்த நோயாளி வாய்க்கிறார் என்பது சீட்டுக் குலுக்கல். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஹார்டனும் சகாக்களும் 1975-இல் ஓஸ்கியைக் கொண்டுவந்தது இந்தக் குலுக்கலை ஒழிக்கத்தான். நடிப்பு நோயாளி அதற்கும் மூத்தவர்; அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1963-லேயே அப்படி ஒருவரைப் பழக்கிவிட்டார். ஆனால் நடிப்பவர் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் பேசினால் குலுக்கல் புறவாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். அடுத்த மூன்று வாரமும் அந்தப் புறவாசலுக்குக் காவல்.

ஜூலை 9, புதன்

நெஞ்சுவலி கேஸ், அதாவது நடிப்பவருக்கான நோயாளிக் கதை, எழுதி முடிந்தது. முருகேசன், 52 வயது, மளிகைக் கடை. முதல் வாக்கியம் எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்: "காலையில இருந்து நெஞ்சுல கேஸ் அடைச்ச மாதிரி இருக்குங்க டாக்டர்." நம் ஊரில் மாரடைப்பு பல நேரம் கேஸ், அதாவது வாயுத் தொல்லை, என்ற பெயரில்தான் ஓ.பி.க்கு வருகிறது. 'நெஞ்சுவலி' என்று முருகேசனே சொல்லிவிட்டால் ஸ்டேஷனில் பாதி விடை போய்விடும்.

கேஸில் மூன்று அடுக்கு. கேட்காமலே சொல்வது: வாயு அடைப்பு, சோடா குடித்தது, ஓமத் தண்ணீர் குடித்தது, எதற்கும் குறையவில்லை என்பது. பொதுவாகக் கேட்டால் சொல்வது: வியர்த்தது, சட்டை நனைந்தது. குறிப்பாகக் கேட்டால் மட்டும் சொல்வது: இடது கை கனமாக இருப்பது, சுகர் மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியது. பீடிக்குத் தனி விதி. "புகை பிடிப்பீங்களா?" என்றால் "எப்பவாச்சும்." "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றால்தான் "ஒரு கட்டு."

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதியாக வேண்டும். விட்டுவிட்டால் இரக்க குணமுள்ளவர் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். விதி: ஒரே ஒரு தகவல், வியர்வை மட்டும்.

நான்காம் நிமிட மணிச் சத்தத்துக்குப் பிறகு, பேச்சு எங்கே நின்றாலும், முருகேசன் கேட்க வேண்டியது: "எனக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" 'ஒண்ணும் ஆகாது' என்று சத்தியம் செய்யும் மாணவருக்கு அந்த மதிப்பெண் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

ஆள் தேர்வு. நாடகத்தில் பழகியவர்கள்தான் தோது என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. பாதி உண்மை. மேடைப் பழக்கம் உள்ளவர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேற்றுவார். பத்தாவது மாணவருக்குக் கிடைக்கும் முருகேசன் முதல் முருகேசனைவிட இரு மடங்கு நோயாளியாகிவிடுவார். ஓய்வுபெற்ற கிளார்க், தையல்காரர், சத்துணவுப் பணியாளர் ஆகியோர் சொன்னதைச் சொன்னபடி சொல்வார்கள். கெட்ட செய்தி ஸ்டேஷனுக்கு மட்டும் நடிப்பு அனுபவம் உதவும்.

நேர்காணலில் தவறாமல் கேட்பது: சமீபத்தில் வீட்டில் இறப்பு, பெரிய நோய் ஏதாவது உண்டா? உண்டென்றால் கெட்ட செய்தி வேடம் கிடையாது. எல்லோருக்கும் பி.பி. பார்க்க வேண்டும். நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்க வேண்டும். அறுவைத் தழும்பு இருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். கேஸில் இல்லாத தழும்பைப் பார்த்து நல்ல மாணவர் இரண்டு நிமிடம் அதைப் பற்றியே கேட்டுவிடுவார். தப்பு அவருடையது இல்லை. இந்தச் சோதனையில் உண்மையான நோய் தட்டுப்பட்டால் ஓ.பி. சீட்டு போட்டு அனுப்புவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

ஒத்திகைக்கும் தேர்வு நாளைப் போலவே ஊதியம். பயணப்படி தனி. இதை எழுத்தில் வாங்காமல் தொடங்கினால் மூன்றாம் ஒத்திகைக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டாம் ஒத்திகை. முருகேசன்கள் நான்கு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒரே கேள்வியை வரிசையாகக் கேட்டோம்: "எங்க வலிக்குது?" மூவர் உள்ளங்கையையோ மூடிய முஷ்டியையோ நடுநெஞ்சில் வைத்தார்கள். நான்காமவர் ஒற்றை விரலால் இடது மார்பில் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் விரல் நுனியால் காட்டும் வலி, தசையிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ வரலாம் என்றுதான் மாணவர் படித்திருக்கிறார். நெஞ்செலும்பின் மேல் முஷ்டியை அழுத்துவது இதயத்தை நினைக்க வைக்கும் சைகை. பாடப்புத்தகத்தில் அது லெவின் குறி. அந்த வரிசையில் வரும் மாணவர்களுக்கு மட்டும் வேறொரு நோய் காத்திருந்திருக்கும். இப்போது நால்வருக்கும் ஒரே குறிப்பு: வலது முஷ்டி, நடுநெஞ்சு, மூன்று விநாடி, பிறகு மடியில்.

மயக்கம் ஸ்டேஷனில் வேறு சிக்கல். "மயக்கமா வருது" என்றால் தலைசுற்றலா, கண் இருட்டலா, நினைவே தப்பியதா? தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல் ஓடுகிறது. அதைப் பிரித்துக் கேட்பதுதான் இந்த ஸ்டேஷனின் உயிர். எனவே நோயாளி தானாக முன்வந்து விளக்கக் கூடாது. "கீழ விழுந்தீங்களா? நினைவு இருந்துச்சா?" என்று கேட்டால் மட்டும் பதில். அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்து இங்கே தமிழ் பழகிய மாணவர்களுக்கு உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. மாணவர் புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை மெதுவாக ஒரு தடவை சொல்லலாம். சலுகை அவ்வளவுதான், அதுவும் எல்லோருக்கும்.

அழைக்கும் முறையும் பேச்சில் வந்தது. 52 வயதுக்காரரை 'தாத்தா' என்று கூப்பிட்டால் முகம் சுளிக்கலாமா? கூடாது. ஒருவர் சுளித்து இன்னொருவர் சிரித்தால் அதுவும் ஒரு வேறுபாடு. பேரைக் கேட்டுவிட்டு 'ஐயா' என்றோ 'அண்ணே' என்றோ கூப்பிட்டார்களா என்பதை மதிப்பெண் தாளில் மட்டும் காட்டலாம்.

ஜூலை 17, வியாழன்

கேனுலா ஸ்டேஷன். நோயாளியின் கையில் ஊசி ஏறாது. முன்கையில் சிலிக்கான் பட்டையைக் கட்டி, துணியால் ஓரம் மூடி, அதில் குத்த வேண்டும். பேசுவது மனிதரோடு, குத்துவது பட்டையில். ஆபத்து பட்டைக்கு அடியில். ஊசி அதைத் தாண்டினால் நேராகத் தோல்தான். நீளவாக்கில் பிளந்த பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை ஓரம் தேய்த்து அடியில் வைத்தோம். எக்ஸ்ரே ஃபிலிம் போதாது, ஊசி துளைத்துவிடுகிறது.

பையிலிருந்து பட்டையின் உள்குழாய்க்கு ஓடும் 'ரத்தத்துக்கு' ஒரு லிட்டர் தண்ணீரில் சிவப்பு கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை. கூடினால் குழாயில் வண்டல் கட்டும், சட்டையும் போகும். பையை அதிக உயரத்தில் தொங்கவிட்டால் குத்திய பழைய ஓட்டைகளிலிருந்தெல்லாம் கசியும். கைக்கு ஒரு சாண் மேலே போதும். ஒரு வரிசைக்கு 48 குத்து. எனவே ஒவ்வொரு சுற்று முடிந்ததும் உள்குழாயை மாற்ற வேண்டும். இளஞ்சிவப்பு 20 கேஜ் கேனுலா 150 எடுத்து வைத்தாயிற்று, இரண்டாம் முயற்சிகளையும் சேர்த்து. மனித ரத்தம் படாத ஊசிதானே என்று குப்பைக் கூடையில் போடக் கூடாது. வெள்ளை நிற ஷார்ப்ஸ் டப்பாவில் போடாதவருக்கு மதிப்பெண் குறையும்.

ஜூலை 21, திங்கள்

எக்ஸாமினர்கள் கூட்டம். செக்லிஸ்ட்டை வாய்விட்டு வாசித்தபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன. 'நோயாளியிடம் நன்றாகப் பேசினார்' என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம். அதை எடுத்துவிட்டு 'தன் பெயரையும் தான் மருத்துவ மாணவர் என்பதையும் சொன்னார்' என்று மாற்றினோம். 'வலியின் இடமும் பரவலும் கேட்டார்' என்பதில் இரண்டு கேள்விகள். ஒன்றை மட்டும் கேட்டவருக்கு என்ன போடுவது? இரண்டாகப் பிரித்தோம்.

ஒரே வீடியோவை 20 பேரும் தனித்தனியே மதிப்பிட்ட பிறகு வித்தியாசத்தைப் பேசினோம். கறார் ஆசாமிகளும் தாராளக்காரர்களும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவர்களை மாற்ற முடியாது. எதைப் பார்த்து டிக் போட வேண்டும் என்பதை மட்டும் ஒன்றாக்கலாம். செக்லிஸ்ட்டுக்குக் கீழே 1 முதல் 5 வரை ஒட்டுமொத்த மதிப்பீடு: தோல்வி, எல்லைக்கோடு, தேர்ச்சி, நன்று, மிக நன்று. இதைப் போடும்போது மேலே உள்ள டிக்குகளைக் கூட்டிப் பார்க்கக் கூடாது. கேள்விகளைப் பொரிகடலைபோல் இறைக்கும் மாணவர் செக்லிஸ்ட்டில் தேறிவிடுவார். இந்தக் கட்டத்தில்தான் மாட்டுவார்.

ஜூலை 24, வியாழன்

முழு ஒத்திகை, ஹவுஸ் சர்ஜன்கள் 12 பேரை வைத்து. மூன்று கோளாறுகள்.

ஓய்வு ஸ்டேஷன், நெஞ்சுவலி அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நடுவே பிளைவுட் தடுப்புதான். ஓய்வெடுப்பவர் ஆறு நிமிடம் முருகேசன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு உள்ளே போகிறார். ஓய்வு நாற்காலியைச் சத்தமே இல்லாத ஈ.சி.ஜி. பக்கம் மாற்றியாயிற்று.

சி.பி.ஆர். பொம்மை மெத்தைக் கட்டிலில் கிடந்தது. 5 முதல் 6 சென்டிமீட்டர் அழுத்த வேண்டிய இடத்தில் பாதியை மெத்தையே வாங்கிக்கொள்கிறது. நன்றாக அழுத்துகிறவருக்கும் 'க்ளிக்' வரவில்லை. பொம்மை தரைக்கு வந்தது. முட்டிக்கு ஒரு பாய்.

மின்தடை வந்தபோது லேப்டாப் மணி ஓடியது, ஸ்பீக்கர் ஓடவில்லை. பித்தளைக் கைமணி ஒன்று வாங்கி, ஸ்டாப்வாட்சோடு ஓர் ஆளையும் நிறுத்த வேண்டும்.

ஜூலை 26, சனி

முதல் மணி 8.30. கைபேசிகள் உறையில் போட்டு வாங்கப்பட்டன. இரண்டாம் சுற்று மாணவர்கள் 9.30-க்கே தனி அறையில். முதல் சுற்று வெளியேறும் வாசல் வேறு. மதியத்தவர்களுக்கும் காலையில் முடித்தவர்களுக்கும் நடுவே இதே ஏற்பாடு; சாப்பாடு பொட்டலமாக உள்ளேயே.

இரண்டாம் சுற்றில் ஒரு மாணவர் 7-இலிருந்து 9-க்குப் போய்விட்டார். சட்டையில் தொடக்க எண் ஒட்டியிருந்ததால் அரை நிமிடத்தில் பிடித்தாயிற்று. கை தேய்க்கும் ஹேண்ட்ரப் 20 அறைக்கும் 500 மி.லி. வீதம் வைத்தது போதுமானதாக இருந்தது. 'தேய்த்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் மதிப்பெண் கிடையாது.

கெட்ட செய்தி ஸ்டேஷனில் மட்டும் இருவர் மாறி மாறி: ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே தண்ணீரோடு. கண்ணீர் வந்தாக வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. தலை குனிந்து பத்து விநாடி மௌனம், அவ்வளவே. பதினோராம் தடவை மௌனம் நாலு விநாடியாகச் சுருங்கியிருந்ததை வீடியோ அறையில் பார்த்து, இடைவேளையில் சொன்னோம். சோர்வு வந்தால் முதலில் தேய்வது மௌனம்தான்.

முடிந்ததும் வேஷம் கலைத்தல். கைலியையும் துண்டையும் மடித்துக் கொடுத்துவிட்டு, சொந்தப் பெயர், சொந்த ஊர், இன்று ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பதினைந்து நிமிடம். அவசரமாகப் பஸ் பிடிக்க ஓடுபவரையும் இதற்கு நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

தேர்ச்சி மதிப்பெண் 50 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் 96 பேரின் செக்லிஸ்ட் மதிப்பெண்ணையும் 1–5 மதிப்பீட்டையும் எக்செல்லில் இரு நெடுவரிசையாகப் போட்டு நேர்கோடு வரைய வேண்டும். உதாரணமாக வெட்டு (கோடு தொடங்கும் மதிப்பெண்) 5, சாய்வு (மதிப்பீடு ஒன்று கூடினால் ஏறும் மதிப்பெண்) 3 என்று வந்தால், எல்லைக்கோடு என்பது 2 ஆகையால் 5 + 3 × 2 = 11. இருபதுக்கு 11 அந்த ஸ்டேஷனின் தேர்ச்சி மதிப்பெண். கடினமான ஸ்டேஷனில் அது தானாகக் கீழே இறங்கும்.

கோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தால், அதாவது நன்று வாங்கியவரும் தோல்வி வாங்கியவரும் ஒரே செக்லிஸ்ட் மதிப்பெண் எடுத்திருந்தால், கோளாறு மாணவரிடம் இல்லை, செக்லிஸ்ட்டில். கேத்தீட்டர் ஸ்டேஷன் அப்படித்தான் வந்திருக்கிறது: 20-இல் 12 மதிப்பெண் பொருள்களை எடுத்து வைப்பதற்கே போயிருக்கிறது, ஸ்டெரைல் (கிருமி படாத) முறை தவறினாலும் அதே 12. அடுத்த தடவைக்கு அதைத் திருத்தி எழுத வேண்டும்.

இரண்டு வரிசைகளின் சராசரியை ஸ்டேஷன் வாரியாக ஒப்பிடுவது நாளைக்கு. மயக்கம் ஸ்டேஷனில் இடைவெளி தெரிந்தால் அந்த வீடியோக்களிலிருந்து ஆறாறு எடுத்துப் பார்க்க வேண்டும். சிலிக்கான் பட்டைகளைக் கழுவிக் காற்று ஊதிக் காய வைத்தாயிற்று. ஒன்றின் குழாயில் கேசரிப் பவுடர் இன்னும் நிற்கிறது.