நிக்கிற கூரையைப் பார்த்து ஆளைப் பிடித்தோம்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பேராவூரணி அருகே எங்கள் வீட்டில் நானும் அத்தையும் பிள்ளைகளும் அடுப்படியில் ஒடுங்கிக் கிடந்தோம். காங்கிரீட் தளம் அங்கே மட்டும்தான், மற்றதெல்லாம் சிமெண்ட் ஷீட். படபடவென்று ஒரு ஷீட் அடித்துக்கொண்டே இருந்தது. திடீரென்று அந்தச் சத்தம் நின்றது. அதுதான் பயமாக இருந்தது. விடிந்து பார்த்தால் கூரையில் பாதி தோப்புக்குள், தோப்பில் பாதி தரையில்.

நிவாரணத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருந்தபோது வெளியூரிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். “சார் இல்லையா?” என்றார். சிங்கப்பூரில் என்றேன். “அப்ப சார்கிட்டயே வாட்ஸ்அப்ல பேசிக்கிறேன்.” பேசினார், படம் அனுப்பினார், ‘பத்து வருஷம் கேரண்டி’ என்றார், 25,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். மூன்றாம் நாளிலிருந்து போன் சுவிட்ச் ஆஃப். அந்தப் பணத்தைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது அத்தைதான் சொன்னார்: “ஆளைப் பத்தி ஏன் கேக்குற? நிக்கிற கூரையைப் பாரு, யாரு போட்டதுன்னு கேளு.” ஸ்கூட்டியில் சுற்றினேன். கடைத்தெருவைத் தாண்டி ஒரு கொப்பரைக் களத்து ஷெட் ஒரு ஷீட்கூட நகராமல் நின்றது. அதைப் போட்டவர் அதிராம்பட்டினத்து வெல்டர் பாய்.

வந்தவர் ஷீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவரில் ஏறி, மிச்சமிருந்த பைப்பை ஒரு ஆட்டு ஆட்டினார். கையோடு வந்துவிட்டது. சுவரில் ஓட்டை போட்டு, பைப்பைச் செருகி, மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள், அவ்வளவுதான் பிடிமானம். “காத்து கூரைய அமுக்காதும்மா, தூக்கும். ஓரமும் முகடும்தான் மொதல்ல கெளம்பும்” என்றார். அதனால் சுவர் மேல் நெடுகக் கம்பி போட்டு வார்க்கும் பெல்ட் காங்கிரீட், அதில் பதித்த ஆங்கர் போல்ட், அதன்மேல் கூரையைத் தாங்கும் பைப் சட்டமான ட்ரஸ். ஓரத்திலும் முகட்டிலும் ஸ்க்ரூ நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் தள்ளித் தள்ளி. சுவரைத் தாண்டி மூன்றடி இறவாரம் வேண்டும் என்று நான் கேட்டதற்கு ஒரு அடிக்கு மேல் மாட்டேன் என்றுவிட்டார். அகல இறவாரம் காற்றுக்குக் கைப்பிடியாம்.

மற்றவர்களைவிடச் சதுர அடிக்கு 15 ரூபாய் அதிகம் கேட்டார். கொடுத்தோம். ஆனால் இந்த முறை எல்லாம் தாளில்: ஷீட் கனம், பைப் கேஜ் (அதன் கனம்), ஸ்க்ரூ நீளம், அதன் கோட்டிங் (உப்புக்காற்றில் சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை கழன்றுவிடும்). பொருள் வாசலில் இறங்கிய பிறகுதான் முதல் தவணை.

கலர் ஷீட் (பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு) இறங்கிய அன்று, பாலிடெக்னிக் படிக்கும் அண்ணன் மகனை ஸ்க்ரூ கேஜோடு வரச் சொன்னேன். தாளில் 0.50 மில்லிமீட்டர், கையில் 0.45. கடைக்காரர்கள் சொல்லும் கனம் பெயிண்டும் சேர்த்துத்தான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இதில் அதுவும் குறைவு. பாய்க்கு வந்த கோபத்தில் கடைக்காரருக்கு நல்ல பூசை, அதே வண்டியில் சரக்கு திரும்பிப் போனது. வேலை நான்கு நாள் தள்ளிப்போனது. தை மாதம்தானே, மழை இல்லை.

2020 டிசம்பரில் புரெவி புயல் மழை கொட்டித் தீர்த்தபோது ஒரே ஒரு இடத்தில் சொட்டியது. ஸ்க்ரூவை மிஷினில் அளவுக்கு மீறி முறுக்கியதில் ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழிந்திருந்தது. பாய் வந்து ஆறு ஸ்க்ரூ மாற்றிவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

புயல் என்று செய்தியில் சொன்னால் அத்தை இப்போதும் அடுப்படியில்தான் பாய் விரிக்கிறார்.