ஜெயித்தால் செலவு

சின்னக் கல்லூரியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு, தன் கல்லூரி அணி ஜெயித்துவிட்டது என்ற செய்தி வந்தால் முதலில் வயிறுதான் கலங்கும். தோற்ற அணி அன்று மாலையே பஸ் ஏறிவிடும். ஜெயித்த அணி அங்கேயே தங்கும், இரவு சாப்பிடும், மறுநாள் காலையும் சாப்பிடும். அரையிறுதிக்கு முன்னால் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகும். அதற்கு மருந்துக்கடை ரசீது ஒன்று வரும். கோப்பையோடு திரும்பினால் முதல்வர் அறையில் எல்லோருக்கும் காபியும் வடையும். அந்தச் செலவும் விளையாட்டுக் கணக்கில்தான் எழுதப்படும்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பந்தைத் தொட்டவன் இல்லை. ஆனால் பந்து வாங்கிய பில்லை, அது கிழிந்துபோனதாக இருப்புப் பதிவேட்டில் எழுதிய குறிப்பை, அதற்குப் பதில் வேறு பந்து கேட்டு வந்த கடிதத்தை வருடக்கணக்காகத் தொட்டிருக்கிறேன். விளையாட்டைப் பற்றி எழுத இதுவும் ஒரு தகுதிதான் என்று நினைக்கிறேன்.

உதவிபெறும் கல்லூரி என்றால் அரசு எல்லாவற்றுக்கும் பணம் தருகிறது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். அரசு தருவது அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கான சம்பளம். உடற்கல்வி இயக்குநருக்குச் சம்பளம் வரும். அவர் கையில் கொடுக்கவேண்டிய பந்துக்கு வராது. பந்து, வலை, மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத்தூள், அணிகளின் பஸ் கட்டணம், சாப்பாடு எல்லாம் மாணவர்களிடம் வாங்கும் விளையாட்டுக் கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும். அந்தக் கட்டணத்தை நம் இஷ்டத்துக்கு உயர்த்தவும் முடியாது. சுயநிதிப் பிரிவு தொடங்கிய பிறகு கொஞ்சம் மூச்சு விட்டோம். ஆனால் அந்தப் பணத்தின் மேல் ஆய்வகம், கட்டடம், தற்காலிக ஆசிரியர் சம்பளம் என்று ஏற்கெனவே பல கைகள் இருந்தன.

ஒரு கணக்குக்காக ஆயிரம் மாணவர்கள், தலைக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம். அதில் பல்கலைக்கழகத்துக்குச் செலுத்தவேண்டிய பங்கு முதலில் போய்விடும். விளையாட்டு விழாவுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, பரிசு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை என்று ஒரு பெரிய துண்டு போகும். மிச்சத்தில்தான் கபடி, கைப்பந்து, கால்பந்து, பூப்பந்து, தடகளம், பெண்கள் அணிகள் எல்லாம். இப்போது கபடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வீரர்களும் உடன் செல்லும் ஆசிரியரும் சேர்த்து 13 பேர். தினப்படி 300 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 3,900. முதல் நாளே தோற்றால் கதை அதோடு முடிந்தது. மூன்றாம் நாள் இறுதிப் போட்டிவரை போனால் 11,700. இதில் தங்கும் செலவைச் சேர்க்கவில்லை. அதே வருடம் கைப்பந்து அணியும் ஜெயித்துத் தொலைத்தால் விளையாட்டு விழாவில் கோப்பைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர்தான்.

எங்கள் உடற்கல்வி இயக்குநரை எல்லோரும் பி.டி. சார் என்போம். போட்டி நடக்கும் ஊரிலிருந்து சாயங்காலம் போன் செய்வார். பின்னால் விசில் சத்தமும் பையன்களின் கூச்சலும் கேட்கும்.

"அண்ணாச்சி, பையன்கள் ஜெயித்துவிட்டார்கள்!"

"சந்தோஷம் சார். இன்னும் எத்தனை நாள்?"

ஒரு நொடி பேசமாட்டார். பிறகு, "நாளைக்கு அரையிறுதி. முன்பணம் தீர்ந்துவிட்டது. என் கையிலிருந்து போட்டுக்கொள்கிறேன், வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்பார். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற அந்த வாக்கியத்தின் மேல்தான் எங்கள் கல்லூரியின் விளையாட்டுத் துறையே நின்றது. செலவுக்கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டு அவர் கைக்காசு திரும்பிவர மூன்று மாதமும் ஆகும், மார்ச் மாதமும் ஆகும்.

ஒப்புக்கொள்வது எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் புரியும். ஒரு முறை மார்த்தாண்டம் பக்கம் நடந்த போட்டியிலிருந்து வந்து என் மேசையில் ஒரு கற்றைத் தாளை வைத்தார். பஸ் டிக்கெட்டுகள் பதின்மூன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் பசை போட்டு ஒட்டியிருந்தார். அது சரி. அடுத்து, நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதிய புரோட்டாக் கடை பில். கடைப் பெயர் இல்லை, எண் இல்லை, தேதி மட்டும் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது, ஆனால் அது வேறு மாதத்தின் தேதி. "புரோட்டா 64, ஆம்லெட் 13" என்று எழுதி ஒரு கூட்டல். ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில் 64 புரோட்டா எப்படி என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டார். நாள் முழுக்க ஓடி விழுந்து எழுந்த பையன் ராத்திரி ஐந்து புரோட்டா தின்பது அப்படியொன்றும் அதிசயம் இல்லை என்று நான்தான் பதில் சொன்னேன். அதையாவது ஏற்றுக்கொண்டார். மட்டிப்பழத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. போட்டிக்கு நடுவே பையன்களுக்குக் கொடுக்கத் தள்ளுவண்டியில் இரண்டு சீப்பு மட்டிப்பழம் வாங்கியிருக்கிறார். தள்ளுவண்டிக்காரர் ரசீது போட்டா கொடுப்பார்? "வாழைப்பழம் — ஆதாரம் இல்லை" என்று சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதப்பட்டது. அந்தத் தொகை பி.டி. சார் தலையில் விழுந்தது. அதன் பிறகும் பழம் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. கணக்கில் காட்டுவதை நிறுத்திவிட்டார்.

1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது பயணச் செலவுக்குப் பெரிய விடுதலை. அதற்கு முன் நாங்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தோம். மதுரை வரை அணியை அனுப்பவேண்டிய நிலை போய், நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிச் சீமைக்குள்ளேயே போட்டிகள் முடிந்தன. சென்னைக்கோ கோவைக்கோ மாநில அளவிலான போட்டிக்குப் போவதென்றால் ரயில் சலுகை கைகொடுத்தது. அத்தகைய போட்டிகளுக்குச் செல்லும் வீரர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கைப் பெட்டியிலும் 75 சதவீதக் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி நிறுத்திய சலுகைகளில் அதுவும் ஒன்று. மூத்த குடிமக்கள் சலுகை போனதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள். விளையாட்டு வீரர்களின் சலுகை போனதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் அணியை அனுப்பும் செலவு ஒரே நாளில் நான்கு மடங்கானது.

எந்த விளையாட்டை நடத்துவது என்பதையும் கடைசியில் காசுதான் தீர்மானித்தது. கோவில்பட்டியில் ஹாக்கி ரத்தத்தில் ஊறியது. அங்கே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்க்காரர். அந்தப் பக்கத்திலிருந்து ஹாக்கி ஆடிய பையன்கள் எங்களிடமும் சேர்ந்தார்கள். அணி தொடங்கலாமா என்று பி.டி. சார் விலைப்புள்ளி வாங்கிக்கொண்டு வந்தார். கோல்கீப்பருடைய கவசம் ஒரு செட்டின் விலையில் மொத்தக் கபடி அணிக்கும் இரண்டு வருடத்துக்கு உடை வாங்கிவிடலாம். கோப்பு அதோடு மூடப்பட்டது. எனக்குப் பிடித்த விளையாட்டு எது என்று கேட்டால் பூப்பந்து என்பேன். மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு வலை, ஐந்து பேர். கணக்கருக்காகவே யாரோ கண்டுபிடித்தது போன்ற ஆட்டம்.

கபடி மலிவான விளையாட்டாக இருந்தது, மண்ணில் ஆடியவரைக்கும். சுண்ணாம்பால் கோடு போட்டால் போதும். பிறகு போட்டிகள் மேட் என்னும் விரிப்புக்கு மாறின. 2014இல் புரோ கபடி தொலைக்காட்சியில் வந்த பிறகு மேட் இல்லாத கல்லூரியைப் பையன்களே மதிப்பதில்லை. ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதை முழுக்க மூடும் மேட்டின் விலை எங்கள் ஒரு வருட விளையாட்டுக் கட்டணத்தைத் தாண்டியது. மேட்டில் வெறுங்காலோடு ஆட முடியாது, காலணியும் வேண்டும். மண்ணிலேயே பழகி, போட்டியன்று முதல் முறையாக மேட்டில் கால் வைத்த எங்கள் பையன்கள் திரும்பும்போது வழுக்கி விழுந்ததைக் கேள்விப்பட்டபோது கணக்கன் மனத்துக்கே சங்கடமாக இருந்தது.

இத்தனைக்கும் இது கபடியின் பூமி. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் திருச்செந்தூர் வட்டாரத்துக்காரர். ஊர்க் கோவில் கொடை விழா வந்தால் இரவெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம் நடக்கும். அந்த ஆட்டங்களின் பொருளாதாரம் எங்கள் கல்லூரிப் பொருளாதாரத்துக்கு நேர்மாறு. அங்கே ஜெயித்தால் வரவு. முதல் பரிசு இன்னார் நினைவாக, இரண்டாம் பரிசு இன்ன கடை உரிமையாளர் என்று நோட்டீஸிலேயே தொகை போட்டிருப்பார்கள். மும்பையில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர் தனியாகச் சிறந்த ரெய்டருக்கு ரொக்கம் கொடுப்பார். ரசீது கேட்க ஆள் இல்லை. கல்லூரிப் போட்டி இருக்கும் நாளில் எங்கள் முதன்மை ஆட்டக்காரன் காணாமல் போய்விட்டு, இரண்டு நாள் கழித்துத் தூக்கக் கண்ணோடு வருவான். எங்கே போனாய் என்று பி.டி. சார் கேட்கமாட்டார். எந்த ஊர்க் கொடை என்றுதான் கேட்பார். 300 ரூபாய் தினப்படியை வைத்துக்கொண்டு அவனை எப்படிக் கோபித்துக்கொள்வது?

என் தங்கை மகள் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துச் சிறிய கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்திருந்தபோது இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அங்கே கல்லூரி விளையாட்டு என்றாலே தொலைக்காட்சி, கோடிக்கணக்கான பணம் என்று நான் நினைத்திருந்தேன். அது பெரிய பல்கலைக்கழகங்களின் கதை மாமா என்றாள். சிறிய கல்லூரிகள் பலவும் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் மூன்றாம் பிரிவில் ஆடுகின்றன. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக ஒரு மாணவனுக்கு உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. எனவே ஆட வருகிறவன் கல்விக் கட்டணம் கட்டித்தான் வருகிறான். கால்பந்து என்று அவர்கள் சொல்லும் ஆட்டத்துக்கு ஓர் அணியில் நூறு பேர்கூட இருப்பார்களாம். சேர்க்கை குறைந்தால் புதிதாக ஓர் அணி தொடங்குவார்கள். ஆட ஆசைப்பட்டு வரும் பையன்களின் கட்டணம் பயிற்சியாளர் சம்பளத்தை ஈடுகட்டி மேலும் மிஞ்சும் என்பது கணக்கு. டிக்கெட் விற்று வருவது சொற்பம்தான்.

எனக்கு இது நெடுநேரம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊரில் நன்றாக ஆடுகிறவன் வந்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, விடுதியை இலவசமாகக் கொடுத்துப் பெரிய சுயநிதிக் கல்லூரிகள் தூக்கிக்கொண்டு போகின்றன. அவர்களுக்கு அது விளம்பரச் செலவு. வாங்கிய கோப்பை செய்தித்தாளில் சேர்க்கை விளம்பரமாக வரும். நம்மைப் போன்ற கல்லூரிக்குத் தள்ளுபடி செய்யவும் வழியில்லை, வாங்கவும் அதிகம் இல்லை. நல்ல ஆட்டக்காரன் பிளஸ் டூ முடித்ததும் சென்னை, கோவை என்று போய்விடுவான். எங்களிடம் வருவது அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாதவனும், காலையில் பால் ஊற்றிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவனும்தான்.

அப்படி வந்தவர்களுக்கும் ஒரு கனவு உண்டு. அதன் பெயர் படிவம் 3. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவனுக்குக் கிடைக்கும் சான்று அது. வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தத் தாள் வேண்டும். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால் செலவும் கல்லூரித் தலையில் இல்லை. எனவே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் எங்கள் அணி இரண்டு சுற்றாவது தாண்டி, தேர்வுக்குழுவின் கண்ணில் பையன் பட்டாகவேண்டும். கபடி அணி முதல் நாளே தோற்று, மற்ற இரண்டு நாள் தினப்படியில் மிச்சமாகும் 7,800 ரூபாயின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது இதுதான். என் பேரேட்டில் அதற்குத் தலைப்பு கிடையாது. காவல்துறையில் சேர்ந்த ஒரு பையன் சீருடையோடு அலுவலகத்துக்கு வந்து, சான்றிதழுக்கு நகல் எடுக்கக் கடைசி நேரத்தில் நான் கொடுத்த 20 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க அடம்பிடித்தான். எனக்கு அந்த 20 ரூபாய் நினைவிலேயே இல்லை.

இப்போது முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்கும் பிரிவு இருக்கிறது. தனிநபர் போட்டியில் மாநில அளவில் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். பணம் கல்லூரிக்கு வராமல் நேராக வீரனுக்கே போவது எனக்கு உவப்பான ஏற்பாடு. எங்கள் கைக்கு வந்திருந்தால் அதற்கும் மூன்று விலைப்புள்ளி கேட்டிருப்போம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு புதுத் தலைப்புச் சேர்க்கச் சொன்னேன். இரண்டாம் சுற்றைத் தாண்டும் அணிகளுக்கென்று ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது, அதை வேறு எதற்கும் தொடுவதில்லை, பி.டி. சார் போன் செய்தால் அன்றே அவர் கணக்கில் போட்டுவிடுவது. நிர்வாகக் குழுவில் ஒருவர், "ஒருவேளை யாருமே ஜெயிக்காவிட்டால் அந்தப் பணத்தை என்ன செய்வது?" என்று கேட்டார். அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். ஒப்புக்கொண்டார்கள், தீர்மானப் புத்தகத்திலும் ஏறியது. அந்த வருடம் கபடி முதல் சுற்றிலேயே வெளியேறியது. கைப்பந்தும் அப்படியே. பிப்ரவரியில், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு ஆய்வுக்கு வருகிறது என்று தகவல் வந்தது. ஒதுக்கிய தொகையில் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்து, அதில் விளையாட்டு வீரர்களின் படங்கள் வரையப்பட்டன. படங்கள் நன்றாகவே வந்திருந்தன. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அந்தத் தலைப்பு இல்லை.